பாக்குரல்ல இடிச்ச குளிசை

ஒரு சஹனச் சுத்தி எத்தின பேர் குந்தலாம் எண்டு ஒங்களுக்குத் தெரியுமா?

எங்கட கல்முனைப் பக்கம் ஒரு கலியாண ஊட்டுல சோறு திண்டிருந்தா தெரிஞ்சிருக்கும். ஆறு பேர். பெரிய தட்டம், நடுவுல குவிச்ச சோறு, அதுக்கு மேல இறைச்சி, சுத்தி ஆறு பேர். அவனவன் தன்ட பக்கத்தால தோண்டித் திண்டுட்டு வாறது. ஆனா நான் குந்தினா அஞ்சு. சோறு வெக்கிற பொடியனுகள் என்னக் கண்ட ஒடனே யாரையாவது எழுப்பி அடுத்த சஹனுக்கு அனுப்பிருவானுகள். நான் கூடத் திங்கிறன் எண்டு இல்ல. சரி, அதுவுந்தான். ஆனா முக்கியமா எண்ட தொடைக்கு ரெண்டாள் இடம் வேணும். எழும்பிப் போறவன் போற போக்குல முதுகுல ஒரு தட்டு தட்டிட்டுப் போவான். "நீ நல்லாத் தின்னு மச்சான்." நானும் சிரிப்பன். ஊருக்கும் பழகிட்டு, எனக்கும் பழகிட்டு.

குளிசைகளும் அப்படித்தான் பழகின. சீனிக்கு ஒண்டு, பிரஷருக்கு ஒண்டு, கொழுப்புக்கு ஒண்டு, இதெல்லாத்தையும் போட்டு நெஞ்சு எரியுறதுக்கு இன்னொண்டு. ராவைக்குப் படுக்க முந்தி ஒரு சின்ன வெள்ளக் குளிசை. கெம்பஸ் முடிச்சு வந்த வயசுல கூட்டாளிமாரெல்லாம் பைக் வாங்கினானுகள். எண்டக்கிட்ட ஒரு பிஸ்கட் டின் நிறையக் குளிசை இருந்திச்சி.

சீனிக் கிளினிக்குல ஒரு நாள் டொக்டர் எண்ட முழங்கால அமத்திப் பாத்துட்டு, இப்படியே போனா முதல்ல இது போகும், மறுகா கிட்னி எண்டார். கொழும்புல வயித்தச் சின்னதாக்குற ஒப்பரேஷன் ஒண்டு செய்றாங்க, யோசிச்சுப் பாரு எண்டும் சொன்னார். மழ வரும் போல கிடக்கு எண்டு சொல்ற மாதிரித்தான் சொன்னார். நான் நேரா நெட் கபேக்குப் போய்த் தேடினன். வயித்துல முக்காவாசிய வெட்டி வெளிய எடுத்துட்டு, வாழப்பழம் போல ஒரு துண்ட மிச்சம் வெக்கிறதாம். அதுக்குள்ள ஒரு நேரத்துக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்ப அளவுச் சோறு போனாலே பெரிசு. எனக்குப் பாத்த ஒடனே புடிச்சிட்டு. கடற்கரையில நடக்கிறது, வெந்தயத்த ஊறப்போட்டுக் குடிக்கிறது, சோத்த உட்டுட்டு ரொட்டி திங்கிறது எல்லாம் பாத்து முடிஞ்ச ஆள் நான்.

ஊட்ட பகல் சோறு முடிஞ்ச ஒடனே போட்டு ஒடச்சன். ஊடு எண்டா அது ராத்தாட ஊடு, ராத்தா எனக்கு மூத்தவ. எங்கட பக்கம் ஊடு பொம்புளப் புள்ளைக்குத்தான், மாப்புள்ள வந்து பொண்டாட்டி ஊட்ட இருப்பார். அதால அங்க உம்மாவும் நானும், ராத்தாவும் அவட மாப்புள்ளயும், அதாவது எண்ட மச்சானும். உம்மாட தம்பி, எங்கட மாமா, வேற ஊட்டுலதான் இருக்கார். ஆனா பகல் சோத்துக்கு மட்டும் எப்படியோ வந்து சேந்திருவார்.

"வயித்த வெட்டி எறியுறதா?" எண்டார் மாமா. "அல்லா தந்த வயித்துல கை வெக்கிறது ஹறாம்டா."

"ஒங்கட ஹேர்ணியாவ வெட்டினாங்களே மாமா. அது யார் தந்த?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அது வெளிய வந்த சாமான். இது உள்ள கிடக்கிற சாமான்."

ராத்தா சட்டியச் சுரண்டிக்கிட்டே சொன்னா, "நோம்பு வருதுதானே. ஒழுங்கா நோம்பு புடிச்சாலே வத்திருவாய்."

"போன நோம்புலதான் ராத்தா நான் ஆகக் கூடின. ஒங்கட கஞ்சியும் சமோசாவும் பெட்டிஸும் திண்டு."

"அப்ப எண்ட கையிலதான் பிழ, என்ன?"

மாமா உடுற மாதிரி இல்ல. "சரி, வெட்டின எண்டு வெச்சுக்குவம். நாளைக்கு ஒனக்குக் கலியாணம். பொண்டாட்டி ஊட்ட போய்த்தானே இருக்கணும்? மாமிக்காரி புது மாப்புள்ளைக்கு எண்டு கோழி, றால், கணவாய் எல்லாம் ஆக்கி வெப்பா. நீ ஒரு கோப்பயத் திண்டுட்டுக் கையக் கழுவினா? சோறும் புடிக்கல்ல, புள்ளயும் புடிக்கல்ல எண்டு ஊர் கதைக்கும்."

"இப்ப இருக்கிற மாதிரி இருந்தா பொண்ணே தரமாட்டானுகள் மாமா."

"தருவாங்க. நல்ல வசதியான ஊட்டுப் புள்ள எண்டு நினப்பாங்க."

மச்சான் அது வரைக்கும் பல்லுக் குத்திக்கிட்டு இருந்தார். "எனக்கும் விருப்பமில்ல," எண்டார். "இவன் பக்கத்துல நிக்கிறதாலதான் நான் மெல்லிசாத் தெரியிறன். அதையும் கெடுக்கப் போறான்."

எல்லாரும் சிரிச்ச. உம்மா மட்டும் சிரிக்கல்ல. உம்மாக்குக் கடவாப் பல்லு போனதுல இருந்து வெத்திலய பாக்குரல்ல இடிச்சுத்தான் போடுற. சின்னப் பித்தள உரல், கைக்குள்ள அடங்கும். அத இடிச்சுக்கிட்டே கேட்டா, "அந்த ராக் குளிசைய மறுகா எப்படிக் குடிக்கிற?"

"வாயாலதான் உம்மா."

"சின்ன வயித்துக்குள்ள அது வேல செய்யுமா?"

"செய்யும்," எண்டன். எனக்குத் தெரியாது. நெட்டுல அந்த இடத்த நான் வாசிக்கவும் இல்ல.

அந்த ராக் குளிசையப் பத்திச் சொல்லாட்டி மிச்சக் கத விளங்காது.

சுனாமிக்கு முந்தி எண்ட பட்டம் நெத்தலி. உண்மையா. சேட்டுக்குள்ள காத்துத்தான் இருக்கும். எங்கட பழைய ஊடு கடலுக்குக் கிட்ட. அந்த ஞாயித்துக்கிழம காலம்பற தண்ணி வருது எண்டு சத்தம் கேட்டு எல்லாரும் ஓடின. வாப்பாவும் எங்களோட ஓடி வந்த. பாதி வழியில நிண்டு, கதவப் பூட்டல்ல எண்டு திரும்பிப் போன. நான் கூப்புட்டன். வாப்பாக்குக் கேக்கல்ல. அவ்வளவுதான். எங்கட கடற்கரைப் பக்கம் இப்படி ஒண்டு இல்லாத ஊடு குறைவு.

அதுக்குப் பொறகு நான் கதைக்கல்ல. கதைக்கக் கூடாது எண்டு இருந்ததில்ல. வரல்ல, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து முகாம்ல, வகுப்புல வாங்கு மேசையெல்லாம் ஒதுக்கிப் பாய் விரிச்சு இருந்தம். யார் என்ன கேட்டாலும் அவங்கட வாயையே பாத்துக்கிட்டு இருப்பனாம். குடுத்தத் திங்கமாட்டனாம். உம்மா தண்ணி ஓதித் தந்தா, நூல் கட்டினா, எங்கயோ இருந்து ஒரு பாவாவக் கூட்டி வந்து ஊதிப் பாத்தா. மறுகா முகாமுக்கு வந்த ஒரு டொக்டரம்மா என்ன மனநலக் கிளினிக்குல பதிஞ்சு அந்த வெள்ளக் குளிசையத் தந்தா. முகாம்ல சனம் அதுக்கு விசர்க் குளிசை, பைத்தியக் குளிசை எண்டு பேர் வெச்ச. உம்மா அதுக்கு ராக் குளிசை எண்டு பேர் வெச்சா. எங்கட ஊட்ட இண்டைக்கும் அந்தப் பேர்தான்.

அந்தச் சாதிக் குளிசை பசியக் கிளப்பும். சும்மா பசி இல்ல, சுவரக் கடிக்கிற பசி. கொஞ்ச நாள் குடிச்ச பொறகு ஒரு பகல் நான் வாயத் தொறந்தன். அத்தின காலத்துக்குப் பொறகு நான் சொன்ன முதல் கத: "இன்னம் கொஞ்சம் சோறு போடுங்க." உம்மா சட்டியோட தூக்கி வந்து கவுத்தாவாம். ராத்தா இதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. உம்மா இதுக்கு ஒரு நாளும் சிரிச்சதில்ல. அண்டையில இருந்து அவக்கு சோறும் கதையும் ஒண்டுதான். இவன் திங்கிறானா, அப்ப கதைப்பான். கதைக்கிறானா, அப்ப இருக்கான்.

அப்படியே திண்டு திண்டு, கதைச்சுக் கதைச்சு ஊதினன். சண்ட நடந்த காலம். செக்பொயின்டுல பஸ்ஸ மறிச்சு இறக்கினா எல்லாரும் நேராப் போய் அங்கால ஏறிருவானுகள். என்ன மட்டும் ஓரங்கட்டுவான். சேட்டுக்குள்ள என்னத்தக் கட்டியிருக்காய் எண்டு சந்தேகம். தூக்கிக் காட்டினா தொப்ப. ஒருக்கா ஒரு ஆமிக்காரன் வெரலால குத்திப் பாத்துட்டு சிங்களத்துல என்னவோ சொல்ல, பக்கத்துல நிண்டவன் விழுந்து விழுந்து சிரிச்சான். பின்னால நிண்ட எங்கட ஆக்களும் சிரிச்ச, விளங்காமலே. எனக்கு விளங்கினது; சிங்களம் கதைக்க வராட்டியும் கேட்டா விளங்கும். "இதுக்குள்ள வெடிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல, சோறுதான்" எண்டான். சும்மா சொல்லப்படாது, நல்ல பகிடிதான்.

சண்ட முடிஞ்ச பொறகு செக்பொயின்ட் ஒவ்வொண்டாக் குறைஞ்ச. கொழும்புக்கு இறங்கி ஏறாம, ஒரே இருப்புல போகலாம் எண்டு வந்த. அதால நானும் மச்சானும் போனம். காச சவூதியில இருக்கிற காக்கா, எனக்கு மூத்தவன், பாத்துக்கிறன் எண்டுட்டான். காக்கா ஒருத்தன்தான் எண்ட பக்கம், அதுவும் அவன் தூரத்துல இருக்கிறதால.

ஒப்பரேஷன் செய்ற டொக்டர் ஒரு சிங்கள ஆள், அமைதியான மனிசன். குளிசை எல்லாத்தையும் மேசையில வெக்கச் சொன்னார். ஒவ்வொண்டாத் தூக்கிப் பாத்துட்டு வெள்ளக் குளிசையில நிண்டார்.

"இது எதுக்கு?"

"நித்திரைக்கு," எண்டன் இங்கிலீசுல.

"இது நித்திரைக் குளிசை இல்ல."

மச்சான் பக்கத்துல இருந்தார். அவருக்கு இங்கிலீசு அவ்வளவு ஓடாது எண்டதால, வாப்பா, முகாம், கதை நிண்டது எல்லாத்தையும் சுறுக்காச் சொல்லி முடிச்சன். டொக்டர் தலையாட்டினார். வயிறு மாறினா குளிசை ஒடம்புல ஏறுற விதமும் மாறலாம், இதத் தாற டொக்டரிட்ட இருந்து ஒரு கடிதம் வேணும், அது இல்லாம நான் கத்தியத் தொடமாட்டன் எண்டார். கடைசியா, ஒப்பரேஷன் முடிஞ்ச புதுசுல குளிசைய முழுசா முழுங்க ஏலாது, இடிச்சோ தண்ணி மருந்தாவோதான் குடிக்கணும், எத இடிக்கிற எண்டு நாங்க சொல்லுவம் எண்டார்.

நான் மச்சானுக்கு சுருக்கமாச் சொன்னன். மச்சான் ஊட்ட வந்து உம்மாக்கு இன்னம் சுருக்கமாச் சொன்னார்: "மாமி, குளிசையெல்லாம் இனி இடிச்சுத்தான் குடிக்கணுமாம்."

அடுத்த நாள் காலம்பற உம்மா ஒரு கரண்டியோட வந்தா. தேனுக்குள்ள ஏதோ குழைச்சு மண்ணிறமா இருந்த. வாய்க்குள்ள போட்டா வெத்தில மணம், சுண்ணாம்பு எரிவு, கடைசியில ஒரு கசப்பு.

"என்ன உம்மா இது?"

"ஒண்ட குளிசதான். இப்பயே பழகு."

பாக்குரல்ல இடிச்சிருக்கா. சீனி, பிரஷர், கொழுப்பு, எல்லாம் ஒரே உரலுக்குள்ள. ராவைக்கும் அதே கத, வெள்ளக் குளிசையும் உரலுக்குள்ள. எனக்குச் சிரிப்புத்தான் வந்த. தந்தா, குடிச்சன். ரெண்டு மூணு நாளா காலம்பற குடிச்சுட்டுப் போய்ப் படுத்தா தல கொஞ்சம் லேசா இருந்த. அதையும் நான் பெரிசா எடுக்கல்ல. வெத்தில ஏறிட்டு எண்டு கூட்டாளிமாருக்குப் பகிடி உட்டன்.

அந்தக் கிழமையே மாமாட மகளுக்குக் கலியாணம். காலம்பற பந்தல் வேல அது இது எண்டு குளிசைய மறந்துட்டன். சோத்துக்குக் கூப்புட அர மணித்தியாலம் முந்தி உம்மா கரண்டியோட தேடி வந்து வாய்க்குள்ள தள்ளிட்டுப் போனா. அண்டைக்குப் படுக்கவும் இல்ல, சோறு வந்த ஒடனே போய் சஹன்ல குந்தினன். வழக்கம் போல ஒருத்தன எழுப்பின.

"மச்சான், நீ வெட்டிட்டு வந்தா என்ன செய்ற?" எண்டான் எழும்பினவன். "அப்ப ஒன்னோட ஏழு பேர் போடலாமே?"

"ஒன்னப் போடமாட்டன்," எண்டன்.

அதுதான் கடைசியா ஞாபகம் இருக்கிற கத. சோத்துல கை வெச்சன், இறைச்சித் துண்டு ஒண்டப் பிரிச்சன், பந்தல் ஒரு பக்கம் சரிஞ்ச மாதிரி இருந்த. சரிஞ்சது நான்தான். சஹனுக்கு மேலயே உழுந்திருக்கன். எனக்கு நேர இருந்தவன்ட புதுச் சாரன் முழுக்கக் குழம்பு. கண் முழிக்கக்குள்ள ஆரோ சொல்றது கேட்ட, "கூடத் திண்டுட்டான், நெஞ்சடச்சிட்டு." ஒரு புடி திங்கல்ல, வல்லாஹி.

ஆசுபத்திரியில பிரஷர் கிணத்துல போய்க் கிடந்த. சேலைன் ஏத்தினாங்க. வாட்டு டொக்டர் சின்ன வயசு, என்ன விட ரெண்டு வயசு கூட இருந்தா பெரிசு. என்ன குடிச்ச எண்டு கேட்டார். உம்மா பேக்க தொறந்து குளிசை மட்டையெல்லாத்தையும் எடுத்துக் குடுத்தா, கூடவே பாக்குரலையும் எடுத்து வெச்சா.

"இதுக்குள்ள போட்டா இடிச்ச?" டொக்டருக்குச் சிரிப்பு வந்துட்டு, அடக்கிட்டார். "இந்தப் பிரஷர்க் குளிச ஒரு நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரையிறதுக்குச் செஞ்சது, உம்மா. இடிச்சுக் குடுத்தா ஒரு நாள் மருந்து ஒரேயடியா ஏறும். இத மட்டும் இடிக்கவே கூடாது."

அதுக்குள்ள மாமா கலியாணச் சட்டையோட வாட்டுக்கு வந்துட்டார். "வெட்ட முந்தியே இப்படி. வெட்டினா மையத்துத்தான். முடிஞ்சி இந்தக் கத," எண்டார். ராத்தா அழுதா. மச்சான் கால் பக்கத்துல நிண்டு தான் சொன்னதுல எந்தச் சொல்லு பிழைச்ச எண்டு யோசிச்சுக்கிட்டு நிண்டார்.

அவங்க போன பொறகு உம்மாட்டக் கேட்டன், ஒப்பரேஷனுக்கு முந்தியே ஏன் இடிச்ச எண்டு.

"ராக் குளிசைய இடிச்சுத் தந்தாலும் நீ கதைக்கிறயா எண்டு பாத்தன்," எண்டா.

"அப்ப அத மட்டும் இடிச்சிருக்கலாமே."

"அத மட்டும் இடிச்சா நீ ஏனெண்டு கேப்பாய்."

சேலைன் குழாய நேராக்கி உட்டா. "நீ ஊதினா ஊது மனே. எனக்கு நீ கதைச்சாக் காணும்."

மாமாட ஹறாமுக்கும் ராத்தாட நோம்புக்கும் எண்டக்கிட்ட பதில் இருந்த. உம்மாக்கு டொக்டர்தான் பதில் சொல்லணும்.

முழங்காலும் சீனியும் காத்துக்கிட்டு இருக்காதுதானே. அடுத்த தரம் கொழும்புக்குப் போகக்குள்ள மச்சான உட்டுட்டு உம்மாவக் கூட்டிப் போனன். டொக்டருக்கு முன்னால உம்மா முக்காட்டச் சரி செஞ்சுட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "வெட்டின பொறகு இவன் கதைப்பானா எண்டு கேளு."

நான்தான் அத இங்கிலீசுல சொல்லணும். என்னப் பத்தி நானே மூணாமாள் மாதிரி. சொன்னன். டொக்டர் எண்ட பைலை மூடினார். அந்தக் குளிசைய நான் நிப்பாட்டமாட்டன், ஆனா ஏறுற அளவு கூடுமா குறையுமா எண்டு எனக்கு முன்னுக்கே சொல்ல ஏலாது, அத மத்த டொக்டர்தான் பாக்கணும் எண்டார். நான் நினச்சிருந்தா 'கதைப்பானாம்' எண்டு மாத்திச் சொல்லியிருக்கலாம். உம்மாக்கு என்ன தெரியப் போகுது.

"தெரியாதாம் உம்மா."

உம்மா டொக்டர ஒரு பார்வ பாத்தா. "அப்ப தெரிஞ்ச ஆளக் கேட்டுட்டு வெட்டச் சொல்லு," எண்டுட்டு எழும்பிட்டா.

தெரிஞ்ச ஆள் எங்கட ஆசுபத்திரியிலயே இருந்தா, மனநலக் கிளினிக் டொக்டரம்மா. முகாமுக்கு வந்தவ இல்ல, அவக்குப் பொறகு வந்தவ. எல்லாத்தையும் கேட்டுட்டு, இந்த வெள்ளக் குளிசதான் ஒண்ட பசிக்குப் பாதிக் காரணம் எண்டா. அந்தளவு பசி தராத வேற ஒண்டு இருக்கு, அதுக்கு மெல்ல மெல்ல மாறிப் பாப்பம், இதக் குறைச்சு அதக் கூட்டி. மாறி முடிஞ்சு ஆறு மாசம் நீ நல்லா இருந்தா கடிதம் தாறன். இல்லாட்டி இல்ல, பழையதுக்கே திரும்பிருவம், ஒப்பரேஷனையும் மறந்துருவம்.

உம்மா கேட்டா, "நல்லா இருக்கான் எண்டு எப்படித் தெரியும்?"

"ஒங்களுக்குத்தான் முதல்ல தெரியும். அவன் கதைக்கிறது குறைஞ்சா, திங்கிறது குறைஞ்சா ஒடனே கூட்டி வாங்க."

"அத நான் பாப்பன்," எண்டா உம்மா, வேல கிடச்ச ஆள் மாதிரி.

இப்ப எங்கட ஊட்ட என்ன நடக்குது எண்டா, என்னச் சும்மா இருக்க உடுறானுகள் இல்ல. ராத்தா குசினியில இருந்து காரணமே இல்லாமக் கூப்புடுவா, நான் "ஓய்" எண்டா "ஒண்டுமில்ல" எண்டுவா. மாமா இன்னம் ஹறாம் எண்டுதான் சொல்றார், ஆனா பகல் சோத்துக்கு வந்தா எண்ட பக்கத்துல குந்தி அரசியல இழுத்து என்னச் சண்டைக்கு இழுப்பார். நான் கத்தினா உம்மாவப் பாத்துத் தலையாட்டுவார். மச்சான் பழைய பகிடியெல்லாம் திருப்பிச் சொல்றார்.

அதால நானும் உடாமக் கதைக்கிறன். பஸ்ஸுல கதைக்கிறன், பள்ளி வாசல்ல கதைக்கிறன், ஆக்கள் இல்லாட்டி இப்படிக் குந்தி டைப் பண்றன். பசி கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அது உண்மை. சோத்துல ரெண்டாம் தரம் போடச் சொல்லல்ல எண்டு ஒரு நாள் உம்மா என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. வயிறு நிறைஞ்சிட்டு உம்மா எண்டன். அவக்கு அது நம்பிக்க இல்ல. எனக்கும் சில நேரம் சந்தேகம்தான். பின்னேரம் கடற்கரையில தனிய இருக்கக்குள்ள கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கத் தோணாது. அது எல்லா மனிசனுக்கும் வாறதா, இல்லாட்டி முகாம்ல வந்த அதுவா எண்டு எனக்கு அளக்கத் தெரியல்ல. அப்படி வந்தா ஒடனே யாருக்காவது கோல் எடுத்து எதையாவது கதைச்சுப் பாப்பன். இது வரைக்கும் கத வருது.

உம்மா இப்ப கதவுக்கிட்ட வந்து நிக்கிறா. "என்ன மனே, சத்தத்தக் காணல்ல?"

பழைய ராக் குளிச இப்ப அரைவாசிதான், மிச்சம் புதுசு.